நான்காவது வரி

அக்டோபர் 9, திங்கள்

எட்டு நாள் கழித்து இன்று காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், ஆறு குடம், பாத்ரூம் பக்கெட் வரைக்கும் பிடித்தாயிற்று. குடங்களை குணசீலன் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு, ஒரு தரம் எண்ணியும் பார்த்தார். பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர்; என்னைக் கட்டிக்கொண்ட பிறகு வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து சகாயராணி போன் செய்தார். அங்கே அவர்தான் தலைமை மருந்தாளுநர். மருந்து டப்பாவில் ஒட்டும் சின்ன லேபிளை நோயாளி படிக்கிற மொழியில், தமிழோ மலையாளமோ இந்தியோ, அச்சடிக்கும் சாஃப்ட்வேரை நாங்கள்தான் அவர்களுக்குச் செய்து கொடுத்தோம். இரண்டு வருடமாக ஓடுகிறது.

"மேடம், உங்க லேபிள்ல ஒரு வரி காணோம்" என்றார்.

சூலூர்க்காரர் ஒருவர். பெயர் ஆறுச்சாமி, வயது அறுபத்து மூன்று, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. ஒன்பது நாள் விடாமல் தினமும் சாப்பிட்டிருக்கிறார். வாயெல்லாம் புண், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. ஐசியுவில் இருக்கிறார்; இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

லேபிளைப் படம் எடுத்து சகாயராணி அனுப்பியிருந்தார். மூட்டுவாத மாத்திரை. காலை உணவுக்குப் பின். நான்கு மாத்திரை. மூன்று வரியோடு முடிந்துவிட்டது. 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று நான்காவது ஒன்று இருந்திருக்க வேண்டும்.

வாக்கியத்தை வரிகளாக உடைப்பது என் வேலை. இவ்வளவு அகலம், இந்த வாக்கியம், எங்கே உடைக்கலாம் என்று கேட்டால் பதில் சொல்லும் ஃபங்ஷனை, அதாவது புரோகிராமின் அந்தத் துண்டை, எழுதியது நான். தமிழில் ஒற்றைக்கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் விழக்கூடாது. இந்தியில் மேல்கோடு அறுந்து தொங்கக்கூடாது. எண்ணும் அதன் அளவும் பிரியக்கூடாது. இதையெல்லாம் அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பான இடத்தில் உடைத்தது என்று இன்றுவரை எவரும் விரல் நீட்டியதில்லை. பிரின்டரில் கோளாறாக இருக்கும்.

அக்டோபர் 10, செவ்வாய்

பிரின்டரில் கோளாறு இல்லை.

ஆபீஸில் நாங்கள் ஐந்து பேர். முதலாளி வெங்கிடுபதி சார் எல்லாரையும் உட்கார வைத்தார். கடைசியாக என்ன மாற்றினோம் என்று பார்த்ததில், செப்டம்பர் 18 அன்று மெல்வின் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறான். மெல்வின் போத்தனூர்ப் பையன், வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு பெரியவர் டப்பாவைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கத் திணறினாராம். அதைப் பார்த்துவிட்டு வந்து சாரிடம் கேட்டு மாற்றினான். எழுத்து பெரிதானதும் மூன்று வரியில் அடங்கியது நான்காகிவிட்டது. லேபிளில் மூன்றுக்குத்தான் இடம்.

"நாலாவது வரி கீழ வரும்னுதான் சார் நெனச்சேன். காணாமப் போகும்னு தெரியாதுங்க" என்றான்.

சார் உடனே பழைய எழுத்தளவுக்கு மாற்றச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பூங்கோதை, வரி உடைக்கிறது உங்க ஏரியா. எங்க தப்பு நடந்துச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் குடுக்கணும்" என்றார். சரியென்றேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதிய வரியில் பிழையோ அவர் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கி மேசையில் வைத்து, "என்னோடது" என்று சொல்ல வேண்டும். அதோடு விஷயம் தீர்ந்தது. அதற்குமேல் யாரும் திட்டக்கூடாது. அதிகம் வாங்கியது மெல்வின்தான். எனக்குப் பெரும்பாலும் தின்கிற வேலை மட்டும். "அக்கா எழுதுன புரோகிராம் எதுன்னு ஈசியா சொல்லலாம், மேல 'அப்புறம் பார்க்கணும்'னு எழுதி வெச்சிருப்பாங்க" என்று கிண்டல் செய்வான்.

அக்டோபர் 11, புதன்

மெல்வின் தேங்காய் பன் வாங்கி மேசையில் வைத்திருந்தான். "என்னோடது" என்று சொல்லக் குரல் வரவில்லை அவனுக்கு. யாரும் தொடவில்லை. பாவம், சங்கடப்படுவானே என்று நான் ஒன்று எடுத்துத் தின்றேன்.

அக்டோபர் 12, வியாழன்

காலையிலிருந்து புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். உடைக்கும் ஃபங்ஷனில் தவறில்லை. அது ஒழுங்காக நான்கு வரி என்றுதான் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே, அச்சுக்கு அனுப்பும் இடத்தில், இன்னொரு வரி இருக்கிறது: மூன்றுக்கு மேல் எது வந்தாலும் வெட்டிவிடு.

அதற்கு மேலே 'அப்புறம் பார்க்கணும்' என்று குறிப்பு. இப்படி எழுதி வைப்பது பலருக்கும் பழக்கம்.

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் பதிவு உண்டு. அதில் மெல்வின் பெயர் இருக்கிறது, போன வருடம் ஜூன் தேதியோடு. பழைய சர்வரை விட்டுப் புது சர்வருக்கு எல்லாவற்றையும் அவன்தான் மாற்றினான், அந்த ஜூனில். அன்றைக்கு முன்னால் எழுதியது எல்லாமே அவன் பெயரில்தான் நிற்கிறது.

பதிவில் இருப்பதை நான் மாற்றி எழுத முடியாது. இருப்பதைத்தான் சாரிடம் சொன்னேன்.

சாயங்காலம் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். குணசீலன் எதற்கு இவ்வளவு என்று கேட்டார். இருக்கட்டும், கெட்டா போய்விடும் என்றேன்.

அக்டோபர் 13, வெள்ளி

சார் கொடுத்த கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சகாயராணி வர நேரமாகும் என்றார்கள். ஐசியு வாசலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். பக்கத்தில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. யாரென்று தெரிந்திருந்தால் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்து "லேபிள் கம்பெனிதானே மேடம்?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா திரும்பினார். ஆறுச்சாமியின் மனைவி, துளசியம்மாள்.

"நீங்கதான் கம்ப்யூட்டர்காரங்களா அம்மிணி?" என்றார். கோபம் இல்லை, யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தது அவர் குரல். "மருந்து குடுத்த பொண்ணு வாயில சொல்லித்தானுங்க குடுத்துச்சு, ஞாயித்துக்கெழம மட்டும்னு. நான் வந்து இவருகிட்டச் சொன்னனுங்க. டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'அப்படி எழுதலயே புள்ள. வாயில சொல்றது ஒண்ணு, அச்சடிச்சது ஒண்ணுன்னா அச்சடிச்சதுதான் செல்லும்'னுட்டாரு. முப்பத்தோரு வருசம் கண்டக்டரா இருந்த மனுசனுங்க. டிக்கெட்டுல போட்டதுதான் அவருக்குச் சட்டம்."

எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கண்ணு முழிச்சாரு. பேச முடியல. எச்சி முழுங்குனா உசுரு போகுதுன்னு கையில காட்டுறாரு." ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார். "யாரோ சின்னப் பையன் தெரியாமப் பண்ணிட்டானாமுங்க. இங்க பேசிக்கிட்டாங்க. கேஸு கீஸுன்னு நாங்க போக மாட்டோம்னு அவங்கிட்டச் சொல்லிருங்க அம்மிணி. பொழச்சுப் போகட்டும்."

"சொல்றேனுங்க" என்றேன்.

அக்டோபர் 14, சனி

சமையல் கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் திங்கட்கிழமைதான் வருமாம். மின்சார அடுப்பில் சாதம் குழைந்துவிட்டது.

மெல்வினிடம் அந்த அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை அவன் வருவதில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

நவராத்திரி தொடக்கம். ஒட்டடை அடித்தோம். பரண் மேல் இருக்கிற அட்டைப் பெட்டியையும் இறக்கித் துடைத்துவிடலாமா என்று குணசீலன் கேட்டார். அதில் என் பழைய டைரிகள்தான் இருக்கின்றன, வருடத்துக்கு ஒன்றாக. இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

"நாலு நாளா எதுக்கெடுத்தாலும் அப்புறம்ங்கற" என்றார். தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 10 வரை வரி வெட்டுப்பட்ட லேபிள்கள் எத்தனை என்று பட்டியல் எடுத்தோம். பதினோரு பேர். சகாயராணி எல்லாருக்கும் போன் போட்டுவிட்டார். ஆறுச்சாமியைத் தவிர எவருக்கும் ஆபத்தில்லை. ஆபீஸில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆறுச்சாமிக்கும் அணுக்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றனவாம்.

சார் ரிப்போர்ட்டைத் தயார் செய்துவிட்டார். 'எழுத்தளவு மாற்றத்தால் ஏற்பட்ட பிழை, பழைய அளவுக்குத் திருப்பப்பட்டது, இனி அபாயமில்லை.' பிழைக்குப் பொறுப்பானவரை வேலையிலிருந்து விடுவித்தாயிற்று என்று ஒரு வரி வேண்டும் என ஆஸ்பத்திரி நிர்வாகம் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூஜையோடு மெல்வின் நின்றுவிடுவான்.

பழைய அளவில் எல்லாம் சரியாக வருகிறது என்று மூன்று மொழியிலும் அச்சடித்து ரிப்போர்ட்டோடு இணைக்கும்படி சார் என்னிடம் சொன்னார். அதே மூட்டுவாத மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தேன். தமிழில் மூன்று வரி. இந்தியில் மூன்று வரி. மலையாளத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டு வரும். நடுவில் உடைக்க இடம் குறைவு. அதனால் ஒவ்வொரு வரியிலும் பாதி இடம் காலியாக நின்று, மிச்சம் கீழே இறங்குகிறது.

நான்கு வரி. பழைய அளவிலேயே நான்கு என்கிறது ஃபங்ஷன்; அச்சில் வந்தது மூன்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தமிழையும் இந்தியையும் மட்டும் சோதித்துப் பார்த்திருக்கிறோம். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. மூன்று வரி அழகாக வந்து நின்றால் அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தமிழையும் இந்தியையும் இணைத்தேன். மலையாளம் பின்னர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் இல்லை. தோசைக்கு அரைத்தேன்.

அக்டோபர் 18, புதன்

தண்ணீர் வந்தது. குடம் நிரம்பி வழிந்து வாசல் வரை ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். குணசீலன் வந்து குழாயை மூடினார். சாப்பிட்டு முடித்ததும், "பரண்ல ஏறணும்னா ஏறு. நான் ஏணியப் புடிச்சுக்கறேன்" என்றார்.

ஏறினேன். 2021-ஆம் வருட டைரி மேலாகவே இருந்தது. செப்டம்பர் 14, என் கையெழுத்து:

'லேபிள் வேலை ஒருவழியாக முடிந்தது. நான்காவது வரி வந்தால் அடுத்த லேபிளில் போய் விழுந்து தொல்லை கொடுக்கிறது. நாளைக்கே டெலிவரி. வெட்டிவிட்டேன். அப்புறம் பார்க்கணும். ராத்திரிக்கு சௌசௌ கூட்டு.'

இதை எடுத்துப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டாம் தேதி அந்தக் குறிப்பைப் பார்த்ததுமே தெரியும். அதற்கு முன்பே, சகாயராணி 'ஒரு வரி காணோம்' என்றபோதே தெரியும். இந்த நோட்டில்கூட அதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

என் வரி. நான் எழுதியது, நான் மறந்தது, மெல்வின் தலையில் ஏற்றியது. அவன் வாங்கி வைத்த பன்னையும் தின்றேன்.

மெல்வின் வேலை போவது மட்டும் என்றால், வேறு வேலை கிடைக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். பிழை ஒரு மாதத்துக்கு முன்னால் வந்தது என்று ரிப்போர்ட் சொல்கிறது. அதனால் ஒரு மாதத்து ஆட்களைத்தான் தேடினார்கள். உண்மையில் இரண்டு வருடம். இரண்டு வருடமாக மலையாளம் படிக்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கடைசி வரி போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் சேராது.

இது தெரிந்தும் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து மாவாட்டியிருக்கிறேன். சீ.

அக்டோபர் 19, வியாழன்

ஆபீஸ் போனேன். சார் வங்கி வேலையாகத் திருப்பூர் போயிருந்தார். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பூஜைக்கு எல்லா மேசையையும் துடைத்துக் கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். சோதனைக்கு வைத்திருக்கும் லேபிள் பிரின்டருக்கும் ஒரு பொட்டு. மெல்வின் மாதாகோயிலுக்குப் போகிறவன்; பொட்டு வைக்க மாட்டான், ஆனால் கீபோர்டுகளை எல்லாம் கவிழ்த்துத் தட்டிச் சுத்தம் செய்வது வருடா வருடம் அவன்தான். இன்றும் செய்துகொண்டிருந்தான். அவன் பை நாற்காலியில் தயாராகத் தொங்கியது.

பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஐந்து தேங்காய் பன்னை வைத்தேன்.

"என்னக்கா இது?" என்றான் மெல்வின்.

"என்னோடது" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. கற்பூரத் தட்டோடு நின்ற சாரிடம் டைரியை விரித்துக் கொடுத்தேன். படித்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"எழுத்தப் பெருசாக்குனது தப்பில்ல சார். வெட்டுனது நான். பதிவுல அவன் பேரு இருக்கறது சர்வர் மாத்துனதால. மலையாளத்துல இது ஒரு நாளும் சரியா வேலை செஞ்சதில்ல. இப்பவும் செய்யல."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மலையாளம் திங்கட்கிழமை தெரியும்."

"திங்கட்கிழமை தெரிஞ்சு இன்னிக்கு வந்து சொல்றீங்க."

"பயமா இருந்துச்சு சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. கற்பூரம் ஏற்றாமலே போனை எடுத்து சகாயராணியைக் கூப்பிட்டு, மலையாள லேபிள் ஒன்றுகூட அச்சடிக்கக் கூடாது, கையால் எழுதிக் கொடுங்கள் என்றார். பிறகுதான் பூஜை நடந்தது.

மெல்வின் என்னைப் பார்க்கவே இல்லை. சூலூர் அம்மா சொன்னதை இன்று அவனிடம் சொன்னேன். "எப்ப சொன்னாங்க?" என்று கேட்டான். போன வெள்ளி என்றேன். பன்னை மற்ற மூவரும் எடுத்தார்கள். அவன் எடுக்கவில்லை.

அக்டோபர் 21, சனி

இரண்டு வருடத்தில் அந்த மாத்திரைக்கு மலையாள லேபிள் வாங்கியவர்கள் பதினான்கு பேர். நானும் சகாயராணியும் மருந்தகத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஏழாகப் போன் செய்தோம். மெல்வினுக்குப் பதில் நான் போகிறேன்; ஆனால் இதை முடித்துவிட்டுத்தான் வேலையை விட வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

"மாத்திரை எப்படிச் சாப்பிடறாங்கன்னு கேளுங்க. தினமும்னு சொன்னா உடனே கூட்டி வரச் சொல்லுங்க. ஏன் எதுக்குன்னு கேட்டா டாக்டர் பேசுவார்னு சொல்லிருங்க, நீங்க எதுவும் பேச வேண்டாம்" என்றார் சகாயராணி.

பதினோரு பேர் வாய்வார்த்தையாகக் கேட்டதை நினைவில் வைத்து வாரம் ஒருமுறைதான் சாப்பிட்டிருக்கிறார்கள். புண்ணியவான்கள். வாளையாறில் ஒருவர் தினமும் சாப்பிடுகிறார். நான்கு நாள் ஆகிறது. அவருடைய லேபிள் தேதி பதினேழு. நான் காய்ச்சல் என்று பொய் சொல்லித் தோசைக்கு அரைத்த நாள். மதியத்துக்குள் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்கிறார் டாக்டர்.

ஆறுச்சாமியை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அரை டம்ளர் கஞ்சி குடித்தாராம். துளசியம்மாளிடம் போய் நான்தான் என்று சொன்னேன். ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். "போ கண்ணு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இரண்டு பேர் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

வெட்டும் வரியை எடுத்துவிட்டேன். இனி இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும். அப்போதும் அடங்காவிட்டால் அச்சடிக்காமல் நின்று ஆளைக் கூப்பிடும். மலையாளத்தைச் சகாயராணி சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தார். பதிவில் என் பெயர் இருக்கிறது.

எடுக்காத இருவரில் ஒருவர் காலையிலேயே எடுத்தார், நன்றாக இருக்கிறார். மிச்சம் ஒன்று. கொழிஞ்சாம்பாறை, பாருக்குட்டி, வயது ஐம்பத்தெட்டு. பதினோரு மணிக்கு மகள் எடுத்தாள். பெயர் ஷீஜா. பாலக்காட்டுத் தமிழ் நன்றாகப் பேசினாள்.

"அம்மா போயி ஏழு மாசமாச்சு சேச்சி."

மாத்திரை என்று நான் ஆரம்பிக்கும் முன்னே அவளே சொல்லிக்கொண்டு போனாள். வாயெல்லாம் வெந்துபோன மாதிரி புண். கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஏதோ நோய் என்றார்கள். அவ்வளவு தூரம் கோயம்புத்தூருக்குத் தூக்கிவர முடியவில்லை.

"ஏன் கேக்கறீங்க? அந்த மாத்திரை டப்பா இப்பவும் இங்க இருக்கு. ஊக்கெல்லாம் அதுலதான் போட்டு வச்சிருக்கேன். லேபிள் அப்படியே இருக்கு. வாசிக்கட்டுமா?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டப்பாவை எடுக்கும் சத்தம் கேட்டது. மலையாளத்தில் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"வாதத்துக்கு உள்ள மாத்திரை. காலைல சாப்பாட்டுக்கு அப்புறம். நாலு குளிகை. அவ்வளவுதான் இருக்கு." பிறகு அவளே கேட்டாள். "இதுல ஏதாவது தப்பு வந்துச்சா சேச்சி? அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. நான்தான் படிச்சுப் பாத்துக் குடுத்தேன். ஒரு நாள்கூட விடாம குடுத்தேன்."

எதிர்மேசையிலிருந்து சகாயராணி என்னைப் பார்த்து, டாக்டரிடம் கொடுத்துவிடு என்று கையைக் காட்டினார். டாக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

"நீங்க குடுத்ததுல தப்பில்லம்மா. இருந்தத இருந்தபடிதான் குடுத்திருக்கீங்க. அதுல இன்னொரு வரி இருந்துச்சு. அத வெட்டுனது நான்."

டப்பாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த வரி என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன்.